வலி நின்ற நாள் வேறு, தசை ஆறிய நாள் வேறு

சமூக மன்றம் ஒன்றில் மூத்தோருக்காக இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் ஆற்றிய உரை



விளையாட்டுக் காயத்தைப் பற்றிப் பேச மூத்தோரை ஏன் கூப்பிட்டார்கள் என்று சிலர் நினைக்கலாம். பந்து விளையாடுவது பேரன், ஓட்டப் பந்தயத்துக்குப் போவது பேத்தி. நமக்கு இதில் என்ன வேலை?

காரணம் இருக்கிறது. பல வீடுகளில் அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பயிற்சி முடிந்து மாலையில் பிள்ளை நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது முதலில் பார்ப்பவர் நீங்கள். காலைத் தொட்டுப் பார்ப்பவரும் தைலம் எடுத்து வருபவரும் நீங்கள்தான். “நாளைக்குப் போகாதே” என்றோ, “ஒன்றுமில்லை, போய் விளையாடு” என்றோ சொல்பவரும் பெரும்பாலும் நீங்கள்தான். ஆகவே இந்த உரை உங்களுக்குத்தான்.

இன்று முக்கியமாக ஒரே ஒரு செய்தியைச் சொல்ல வந்திருக்கிறேன். வலி நின்ற நாள் வேறு, தசை ஆறிய நாள் வேறு. இரண்டுக்கும் நடுவே பல வாரங்கள் இருக்கலாம். அந்த வாரங்களில்தான் அதே தசை மறுபடியும் கிழிகிறது.

பிடிப்பா, சுளுக்கா, கிழிவா?

நாம் வீட்டில் எல்லாவற்றையும் “சுளுக்கு” என்று சொல்லிவிடுகிறோம். மூன்றும் வெவ்வேறு.

தசைப்பிடிப்பு என்பது, தசை திடீரென்று இறுகிக்கொள்வது. நீட்டிவிட்டால் சில நிமிடங்களில் விட்டுவிடும். சுளுக்கு என்பது மூட்டில் எலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் நார் இழுபடுவது. கணுக்கால் மடங்கினால் வருவது அதுதான். தசைக் கிழிவு என்பது தசையின் இழைகளே அறுந்துபோவது. சில இழைகள் மட்டும் அறுந்திருக்கலாம், பாதித் தசை கிழிந்திருக்கலாம், அரிதாக முழுவதும் அறுந்துபோகலாம்.

வேகமாக ஓடும் பிள்ளைகளுக்கு அதிகம் கிழிவது பின்தொடைத் தசை. ஹேம்ஸ்ட்ரிங் என்று பயிற்றுநர்கள் சொல்வது இதைத்தான். நாம் உட்காரும்போது நாற்காலியில் படும் எலும்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை மூன்று தசைகள் இறங்கி வருகின்றன. முழு வேகத்தில் ஓடும்போது, கால் முன்னால் வீசப்பட்டுத் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், இந்தத் தசைகள் நீண்டுகொண்டே காலைப் பிடித்து நிறுத்த வேண்டும். நீள்வதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும்போதுதான் கிழிவு ஏற்படுகிறது.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கிழிந்த இடத்தில் முதல் சில நாள்களுக்கு இரத்தம் கசிந்து வீக்கம் இருக்கும். பிறகு உடல் அந்த இடத்தைத் தழும்புத் திசுவால் ஒட்டுகிறது. கடைசியாக, அந்தத் தழும்பைச் சுற்றித் தசை மெல்ல மெல்லப் பலப்படுகிறது. இதற்குப் பல வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள்கூட ஆகலாம்.

வலியோ முதல் ஓரிரு வாரங்களிலேயே குறைந்துவிடுகிறது. நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், மெதுவாக ஓடலாம். பிள்ளை “சரியாப் போச்சு தாத்தா” என்று சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒட்டிய இடம் இன்னும் முழு வேக ஓட்டத்தைத் தாங்கும் பலத்தைப் பெறவில்லை.

பின்தொடைக் காயத்துக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் மூவரில் ஒருவர் வரை மறுபடியும் காயமடைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. திரும்பிய முதல் இரண்டு வாரங்களில் ஆபத்து மிக அதிகம். இரண்டாவது கிழிவு பெரும்பாலும் முதலாவதைவிடப் பெரிதாக இருக்கும், ஆறுவதற்கும் அதிக நாள் பிடிக்கும். ஒருவருக்குப் பின்தொடைத் தசை கிழியுமா என்று கணிக்க உதவும் அடையாளங்களில் மிக வலுவானது, முன்பு ஒருமுறை கிழிந்திருக்கிறதா என்பதே. அதனால்தான் முதல் காயத்தைச் சரியாக ஆற்ற வேண்டும் என்கிறோம்.

உங்களுக்குத் தெரிந்த இருவர்

காற்பந்து பார்ப்பவர்களுக்கு மைக்கல் ஓவனைத் தெரிந்திருக்கும். 1998 உலகக் கிண்ணத்தில் 18 வயதில் அர்ஜென்டினாவுக்கு எதிராக அவர் போட்ட கோலைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 1999 ஏப்ரலில், லீட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், 19 வயதில், அவருடைய பின்தொடைத் தசை கிழிந்தது. 2001இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார் என்பது உண்மை. ஆனால் தசைக் காயங்கள் அவரை விடவில்லை. 1999க்குப் பிறகு தாம் பழைய வேகத்துக்குத் திரும்பவே இல்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இன்னொருவர் உசேன் போல்ட். 2004இல், 17 வயதில், 200 மீட்டரை 20 விநாடிக்குள் ஓடிய முதல் பதின்ம வயதுக்காரர் அவர். அதே ஆண்டு காலில் தசைக் காயம். ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே வெளியேறினார். அவருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. அது தொடைத் தசைகளுக்குக் கூடுதல் சுமை கொடுத்தது. புதிய பயிற்றுநர் கிளென் மில்ஸ், முதுகையும் வயிற்றுத் தசைகளையும் பலப்படுத்தும் பயிற்சிக்கு முக்கியத்துவம் கொடுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2008 பெய்ஜிங்கில், போல்ட் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் உலகச் சாதனை படைத்தார்.

காயம் திரும்பத் திரும்ப வந்தால், “இவன் காலே இப்படித்தான்” என்று விட்டுவிடக் கூடாது. ஏன் வருகிறது என்று தேட வேண்டும். தேடினால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய ஒன்று கிடைக்கும்.

முதல் மூன்று நாள்: வீட்டில் செய்ய வேண்டியது

• விளையாட்டை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். “இன்னும் பத்து நிமிடம்தான்” என்று விளையாடினால் சிறு கிழிவு பெரிதாகும்.

• பனிக்கட்டியை மெல்லிய துண்டில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வைக்கலாம். தோலில் நேரடியாக வைத்தால் தோல் புண்ணாகும்.

• மீள்தன்மையுள்ள துணிப்பட்டையால் சுற்றிக் கட்டுங்கள். கால்விரல் மரத்துப்போனாலோ நீலநிறமானாலோ கட்டு இறுக்கம் என்று பொருள், உடனே தளர்த்துங்கள்.

• உட்காரும்போதும் படுக்கும்போதும் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. முதல் மூன்று நாள்களுக்குச் சூட்டு ஒத்தடம் வேண்டாம். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்து உருவிவிட வேண்டாம். சுளுக்கு எடுப்பவரிடமோ, சின்சேயிடமோ கூட்டிப்போய் அழுத்திப் பிடிக்க விட வேண்டாம். கோடாலித் தைலத்தை மேலாகத் தடவினால் தோலுக்கு இதமாக இருக்கும், ஆனால் அழுத்தித் தேய்ப்பதுதான் ஆபத்து.

நம் பெரியவர்கள் உருவிவிட்டுச் சரியானதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நாள்பட்ட முதுகு இறுக்கத்துக்கு அது இதமாக இருக்கலாம். ஆனால் புதிதாகக் கிழிந்த தசைக்குள் சிறு இரத்தக் குழாய்களும் அறுந்திருக்கின்றன. சூடும் அழுத்தமும் இரத்தக் கசிவை அதிகமாக்கும். பந்தோ, இன்னொருவரின் முழங்காலோ தொடையில் பலமாக மோதிய காயத்தை அழுத்தி உருவினால், தசைக்குள்ளேயே எலும்பு போன்ற கட்டி உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது.

இன்னொன்று, உங்கள் முழங்கால் வலிக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் வயதுக்கும் எடைக்கும் எழுதிய மருந்து அது. சிறுவர்களுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு போட்டிக்குப் போவது அதைவிட மோசம். உடல் கொடுக்கும் எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டு ஓடுவது போன்றது அது.

அதற்குப் பிறகு: படுக்கையும் வேண்டாம், பாய்ச்சலும் வேண்டாம்

“மூன்று வாரம் அசையாமல் படு” என்பதும் தவறு. அசையாத தசை மெலிந்துவிடும், தழும்பும் சரியாக அமையாது. டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. தொடையிலோ கெண்டைக்காலிலோ தசைக் காயம் பட்ட விளையாட்டாளர்களில் ஒரு பிரிவினர் இரண்டாம் நாளே சிகிச்சைப் பயிற்சியைத் தொடங்கினர். மற்றவர்கள் ஒன்பதாம் நாள் தொடங்கினர். முன்னதாகத் தொடங்கியவர்கள் சுமார் மூன்று வாரம் முன்பே விளையாட்டுக்குத் திரும்பினார்கள். கவனியுங்கள், அவர்கள் தொடங்கியது சிகிச்சையாளர் சொல்லிக்கொடுத்த மெதுவான பயிற்சியை. ஓட்டத்தை அல்ல.

படிப்படியாகப் போக வேண்டும். முதலில் வலியில்லாத நடை. பிறகு மாடிப்படி. பிறகு மெல்லோட்டம். பிறகு பாதி வேகம், முக்கால் வேகம், முழு வேகம். பிறகு அணியோடு முழுப் பயிற்சி. கடைசியாகத்தான் போட்டி.

ஒவ்வொரு படியிலும் நீங்கள் உதவ முடியும். பயிற்சி முடிந்த மறுநாள் காலை, பிள்ளை படுக்கையிலிருந்து எழுந்து நடப்பதைப் பாருங்கள். நொண்டுகிறானா? தொடையைப் பிடித்துக்கொள்கிறானா? வலி இருந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். வலி இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகலாம். பயிற்றுநரும் மருத்துவரும் பார்க்க முடியாத அந்தக் காலை நேரத்தை நீங்கள்தான் பார்க்கிறீர்கள். ஒரு சிறிய நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தால், சிகிச்சையாளருக்கு மிகவும் உதவும்.

காயம் ஆறிய பிறகும் பலப்படுத்தும் பயிற்சி தொடர வேண்டும். முழங்காலிட்டு, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாயும் பயிற்சி ஒன்று இருக்கிறது. இதை நோர்டிக் பயிற்சி என்பார்கள். இதைத் தவறாமல் செய்யும் அணிகளில் பின்தொடைக் காயங்கள் பாதியளவு குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் உருவாக்கிய 11+ எனும் உடலைச் சூடேற்றும் பயிற்சித் திட்டத்திலும் இது இருக்கிறது. அந்தத் திட்டத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும், வாரம் இரண்டு முறையாவது செய்ய வேண்டும்.

வளரும் உடல் பெரியவர் உடல் அல்ல

பெண்பிள்ளைகள் 12 வயதையொட்டியும் ஆண்பிள்ளைகள் 14 வயதையொட்டியும் திடீரென்று உயர்வார்கள். எலும்பு முதலில் நீள்கிறது. தசையின் பலம் பின்னால்தான் வந்து சேர்கிறது. நீண்ட காலை, பழைய பலத்தோடு வீச வேண்டியிருக்கிறது. இந்தக் காலத்தில் பயிற்சியைத் திடீரென்று கூட்டினால் காயம் வரும். மாதம் ஒருமுறை பேரப்பிள்ளையைக் கதவோரம் நிறுத்திப் பென்சிலால் கோடு போடுங்கள். கோடு வேகமாக ஏறும் மாதங்களில் பயிற்றுநரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

பதின்ம வயதில் இன்னொரு விஷயமும் உண்டு. தசை எலும்பில் சேரும் இடத்தில் வளர்ச்சிக் குருத்தெலும்பு இன்னும் கெட்டிப்படாமல் இருக்கும். பெரியவர்களுக்குத் தசை கிழியும் அதே வேகத்தில், பிள்ளைகளுக்கு எலும்பின் ஒரு துண்டே பெயர்ந்து வரலாம். ஓடும்போது உட்காரும் எலும்புப் பக்கம் அல்லது இடுப்பின் முன்பக்கம் “டக்” என்று சத்தம் கேட்டதாகப் பிள்ளை சொன்னால், அது வெறும் தசை இழுப்பு என்று இருந்துவிடாதீர்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

தூக்கமும் ஓய்வு நாளும்

பதின்ம வயதினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பள்ளி, துணைப்பாடம், பயிற்சி, கைத்தொலைபேசி எல்லாம் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று உங்களுக்கே தெரியும். அமெரிக்காவில் பள்ளி விளையாட்டாளர்களிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வில், 8 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்காக இருந்தது.

பயிற்சி நேரத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம். 13 வயது என்றால் 13 மணி நேரம். பள்ளி அணி, வெளி மன்றம், தனிப் பயிற்சி மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும்.

பிள்ளை ஏன் மறைக்கிறது?

பல பிள்ளைகள் வலியைச் சொல்வதில்லை. அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். தேசியப் பள்ளி விளையாட்டுகள் நெருங்குகின்றன, விளையாட்டுத் திறனைக் காட்டி நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. “இந்த வாய்ப்பு போனால் வராது” என்று பிள்ளையும் நினைக்கிறது, சில நேரம் பெற்றோரும் நினைக்கிறார்கள்.

அப்போது நீங்கள் சொல்ல ஒரு கதை இருக்கிறது. நம் கனகசபை குணாளன், காற்பந்து ஆடிக்கொண்டிருந்தவர், இருபது வயதைக் கடந்த பிறகுதான் ஓட்டப் பந்தயத்துக்கு வந்தார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் நிலைத்தது. 2001இல்தான் யூ.கே. ஷியாம் 10.37 விநாடியில் ஓடி அதை முறியடித்தார். 14 வயதில் ஒரு பருவம் போவதால் எல்லாம் போய்விடாது. 14 வயதில் ஒரே தசை மூன்று முறை கிழிந்தால்தான் நிறைய போகும்.

பிள்ளையிடம், “வலிக்கிறதா?” என்று மட்டும் கேட்டால், “இல்லை” என்றுதான் பதில் வரும். “இன்றைக்கு எந்த வேகம் வரைக்கும் ஓடினாய்? இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்ததா?” என்று கேளுங்கள். பிறகு, திட்டாமல் கேளுங்கள். வலியைச் சொன்ன பிள்ளைக்குத் திட்டு விழுந்தால், அடுத்த முறை சொல்லாது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டியவை:

• காலை ஊன்றி நான்கு அடிகூட வைக்க முடியாமை
• தசை கல் போல் இறுகி, வலி கூடிக்கொண்டே போய், பாதம் மரத்துப்போதல்
• கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோலா பானத்தின் நிறத்தில் போதல்
• வலியோடு காய்ச்சலும் சேர்தல்

கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் சிறுவர்களுக்கான அவசர சிகிச்சைப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது.

ஓரிரு நாளில் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ காட்ட வேண்டியவை:

• “டக்” என்ற சத்தத்தோடு தொடங்கிய வலி, பெரிதாகப் பரவும் கன்றல், தொட்டால் தெரியும் பள்ளம்
• இடுப்பு அல்லது முழங்கால் வலியோடு நொண்டுதல்
• இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி
• அதே இடத்தில் இரண்டாம் முறை காயம்

பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரிடம் போனால், மானியக் கட்டணத்தில் சிகிச்சை பெறலாம். இயன்முறை சிகிச்சைக்கும் அங்கிருந்தே அனுப்புவார்கள். உடற்கல்வியிலிருந்து விலக்குக் கடிதம் தேவைப்பட்டால் மருத்துவரிடம் கேளுங்கள்.

வந்திருந்தோர் கேட்ட கேள்விகள்

கேள்வி: தொடையில் பட்டை கட்டிக்கொண்டு விளையாடுகிறானே, அது போதாதா தம்பி?

பதில்: வெதுவெதுப்பாகவும் பிடிமானமாகவும் இருப்பதாகத் தோன்றும், அம்மா. ஆனால் பட்டை தசைக்குப் பலம் கொடுக்காது. அது இருக்கிறது என்ற தைரியத்தில் முன்னதாகவே ஓடத் தொடங்குவதுதான் கவலை.

கேள்வி: கோழிச் சாறும் முட்டையும் கொடுத்தால் சீக்கிரம் ஆறுமா?

பதில்: தசை ஆறப் புரதச்சத்து தேவை, ஐயா. முட்டை, மீன், கோழி, பருப்பு, தோசைக்கு மாவு அரைக்கும் உளுந்து எல்லாவற்றிலும் அது இருக்கிறது. காயத்தின்போது சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். ஆனால் எந்தச் சாப்பாடும் நாள்களைச் சுருக்கிவிடாது.

கேள்வி: எத்தனை நாளில் விளையாடலாம் என்று ஒரு கணக்குச் சொல்லுங்களேன்.

பதில்: சிறு கிழிவுக்கு இரண்டு மூன்று வாரம், நடுத்தரக் கிழிவுக்கு ஒன்று முதல் இரண்டு மாதம், பெரியதற்கு மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் ஆகலாம். ஆனால் நாள்காட்டியைப் பார்த்து அனுப்ப வேண்டாம், அம்மா. முழு வேகத்தில் ஓடி, மறுநாள் காலையும் வலியில்லாமல் எழுந்தால், அணியோடு பயிற்சியைத் தொடங்கலாம். சில முழுப் பயிற்சிகளையும் அப்படியே முடித்தால் போட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். குளிர்பதனப் பெட்டியில் பனிக்கட்டி இருக்கிறதா, மருந்துப் பெட்டியில் சுற்றிக் கட்டும் துணிப்பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சிற்றேட்டைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். மகனும் மருமகளும் வேலையிலிருந்து வந்ததும் அவர்களிடமும் காட்டுங்கள். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால்தான் பிள்ளை கேட்கும்.